முதல் பல்பில் கரண்ட் தீர்ந்துவிடுமா?

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் முதுகலை ஆசிரியை. இயற்பியல் நடத்த இணையத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்ததால், இந்த இதழ் முழுக்க அதற்கே. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும்.)

டீச்சர், நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. படித்தது விலங்கியல். ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு இயற்பியலும் நான்தான் எடுக்க வேண்டும். இணையத்தில் தேடினால் கொட்டுகிறது. எதை எடுப்பது, எதை விடுவது? மழை பிடித்தால் நெட்டும் போய்விடும்.
– ஆசிரியை, மஞ்சூர்

விலங்கியல் படித்துவிட்டு இயற்பியல் எடுப்பதில் சங்கடப்பட எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் பாதிப் பள்ளிகளில் நிலைமை அதுதான். பிள்ளைகளுக்கு எது புரியாது என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகவே தெரியும், ஏனென்றால் அந்த இடத்தில் நீங்களும் ஒருமுறை நின்றுதான் தாண்டியிருப்பீர்கள்.

'பத்தாம் வகுப்பு இயற்பியல்' என்று மட்டும் தேடாதீர்கள். அப்படித் தேடினால் வருவதெல்லாம் டியூஷன் விளம்பரமும் கைடும்தான். பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஒன்றைத் தேடி எடுங்கள். ஓர் அலகுக்கு ஒன்று கிடைத்தால் போதும்.

மின்னோட்டவியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்டரி, ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடர் இணைப்பு. எந்தப் பல்பு பிரகாசமாக எரியும் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் "முதல் பல்பு" என்பார்கள். கரண்ட் முதலில் அங்கேதானே போகிறது, அது கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தானே அடுத்ததுக்கு விடும் என்பது அவர்கள் கணக்கு. ஓம் விதியில் முழு மார்க் வாங்கும் பிள்ளையும் இதைத்தான் சொல்லும். இந்த எண்ணம் அசையாமல் நீங்கள் எத்தனை கணக்கு போட்டாலும் வீண்.

இதற்கு நான் கைகாட்டுவது ஃபெட் தளத்தை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் கார்ல் வீமன் தொடங்கியது. அவர் 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அந்தத் தளத்தில் மின்சுற்று அமைக்கும் சிமுலேஷன் ஒன்று இருக்கிறது. ஒயர், பேட்டரி, பல்பு, சுவிட்ச் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் சுற்றை இணைக்கலாம். பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்று அதிலேயே வரும். இரண்டு பல்புகளைத் தொடராக மாட்டி, பேட்டரிக்கும் முதல் பல்புக்கும் நடுவே ஓர் அம்மீட்டர், இரண்டு பல்புகளுக்கும் நடுவே ஒன்று, கடைசியில் ஒன்று என்று வையுங்கள். மூன்றிலும் 0.45 ஆம்பியர் காட்டும். நீங்கள் வாயே திறக்க வேண்டாம். யாராவது ஒருவன், "டீச்சர், மூணும் ஒண்ணா இருக்கு!" என்பான். அங்கேதான் பாடம் ஆரம்பம். அப்புறம் பக்க இணைப்புக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு பல்பிலும் 0.9, பேட்டரியை ஒட்டி 1.8.

இரண்டு விஷயத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சிமுலேஷனைத் திறப்பதற்கு முன் எல்லோரும் தங்கள் விடையை நோட்டில் எழுத வேண்டும். கையைத் தூக்கச் சொல்லாதீர்கள், முதல் பெஞ்சைப் பார்த்துக் கடைசி பெஞ்சும் தூக்கிவிடும். எழுதாமல் பார்த்தால், "எனக்கு அப்பவே தெரியும்" என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது, ஒயரில் ஓடும் புள்ளிகள் எலக்ட்ரான்கள். அவை எதிர்முனையிலிருந்து நேர்முனைக்கு ஓடும். நம் புத்தகத்தில் மின்னோட்டத்தின் அம்புக்குறி அதற்கு நேர் எதிராக இருக்கும். மரபு மின்னோட்டமாக மாற்றிக்கொள்ளும் வசதி அதிலேயே உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் அரை மணி நேரக் குழப்பம் உறுதி.

மழைக்கும் வழி இருக்கிறது. ஃபெட்டில் புதிதாகச் செய்யப்பட்டவற்றை எல்லாம் ஒற்றைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். சில எம்பிதான். நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. ஊட்டிக்கோ குன்னூருக்கோ போகும் நாளில் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தால், ஹைடெக் லேபில் எல்லாக் கணினியிலும் போட்டுவிடலாம். ஜாவாவில் செய்த பழையவற்றைத் தொடாதீர்கள், நேரம்தான் போகும். ஃபிளாஷில் செய்தவை 2020 டிசம்பரோடு சரி. வேறு தளங்களில் பழைய அனிமேஷன் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் அதுதான், உங்கள் கணினி மேல் பழி போடாதீர்கள்.

நம் பாடநூலையும் புரட்டிப் பாருங்கள். பல அலகுகளின் முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் இருக்கும், படிகளும் க்யூஆர் கோடும் போட்டு. தேர்வில் வராத பக்கம் என்பதால் யாரும் திறப்பதில்லை.

இன்னொன்று, அரவிந்த் குப்தா. ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு, குப்பையில் போகும் பொருளை வைத்து அறிவியல் பொம்மை செய்து காட்டுவதையே வேலையாக வைத்துக்கொண்டவர். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய தளத்தில் சின்னச் சின்ன வீடியோக்கள், தமிழிலும் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புக்கு அருமையாகப் பொருந்தும். ஸ்ட்ரா, ரப்பர் பேண்ட், பழைய பேட்டரி என்று செலவே இருக்காது.

பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைக்கு ஓலேப்ஸ் என்ற இணைய ஆய்வகம் போதுமா? எங்கள் லேபில் பாதிக் கருவிகள் வேலை செய்வதில்லை.
– முதுகலை ஆசிரியர், கூடலூர்

முன்தயாரிப்புக்குப் போதும். கருவிக்கு மாற்றாகப் போதாது.

ஓலேப்ஸை அமிர்தா பல்கலைக்கழகமும் மும்பை சிடாக் நிறுவனமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில் செய்தார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. ஒவ்வொரு சோதனைக்கும் கொள்கை, செய்முறை, சிமுலேட்டர், வீடியோ, வாய்மொழிக் கேள்விகள் என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த வாய்மொழிக் கேள்விப் பகுதிதான். தேர்வாளர் கேட்பதற்கு முன்பே பிள்ளை ஒருமுறை யோசித்துவிடும். செய்முறை வகுப்புக்கு முந்தைய நாள் சிமுலேட்டரில் மின்தடை அளக்கும் மீட்டர் சமனச்சுற்றை ஓட்டிவிட்டு வரச் சொன்னால், மறுநாள் "எந்த ஒயர் எங்கே" என்ற கூச்சல் பாதியாகக் குறையும்.

ஆனால் சிமுலேட்டரில் கால்வனோமீட்டர் முள் எப்போதும் ஒழுங்காக அசையும். நம் ஊரில் அசையுமா? மலை ஈரத்தில் செப்புப் பட்டை முழுக்கக் களிம்பு. முனையில் ஒயரை எவ்வளவு இறுக்கினாலும் தொடர்பு சரியாக இருக்காது, முள் தன் இஷ்டத்துக்கு ஆடும். பிள்ளை தன் கணக்குதான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். "உப்புத்தாளை எடு, முனையைத் தேய், மறுபடி பார்" என்று சொல்லிக்கொடுப்பதும் இயற்பியல்தான். சமநிலைப் புள்ளி 40 சென்டிமீட்டருக்கும் 60 சென்டிமீட்டருக்கும் நடுவில் வருகிற மாதிரி மின்தடையை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும், கம்பியைத் தொட்டுப் பார்க்கும் முனையான ஜாக்கியைக் கம்பியில் ஏன் இழுத்துத் தேய்க்கக் கூடாது, இதெல்லாம் கையில் பிடித்தால்தான் மனசில் நிற்கும்.

வேலை செய்யாத கருவிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் கெட்டுப்போனவை எத்தனை, களிம்பு பிடித்தவை எத்தனை என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். நிறமாலைமானியின் லென்சில் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. பெட்டிக்குள் சிலிகா ஜெல் போட்டு வைத்தால் அடுத்த வருஷமாவது தப்பிக்கும். டேன்ஜன்ட் கால்வனோமீட்டருக்குப் பக்கத்தில் இரும்பு மேசை இருக்கிறதா என்றும் பாருங்கள், அதன் காந்த ஊசியை இரும்பு இழுத்துவிடும். அதைவிட்டுக் கருவியைக் குறை சொல்லி ஒரு தலைமுறையே பாஸாகிப் போயிருக்கிறது.

என் மகள் பத்தாம் வகுப்பு. எந்நேரமும் போன். அந்தப் போனை வைத்தே இயற்பியல் படிக்க ஏதாவது உண்டா?
– வாசகி, கொடைக்கானல்

உண்டு. போனைப் பிடுங்குவதைவிட நல்ல யோசனை.

ஃபைபாக்ஸ் என்று ஒரு செயலி. ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் செய்தது. இலவசம், விளம்பரம் கிடையாது. போனுக்குள் ஏற்கெனவே இருக்கிற சென்சார்களை, அதாவது முடுக்கம், ஒலி, காந்தப்புலம் அளப்பவற்றை, அளவுகருவியாகத் திறந்துவிடும்.

ஒலியியல் அலகு வரும்போது இதைச் செய்யச் சொல்லுங்கள். அதில் ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்று உண்டு. ஒரு கைதட்டலுக்கு ஓடத் தொடங்கும், அடுத்த கைதட்டலுக்கு நிற்கும். இரண்டு போன்களை 5 மீட்டர் இடைவெளியில் தரையில் வையுங்கள். ஒன்றின் பக்கத்தில் மகள், மற்றதன் பக்கத்தில் நீங்கள். முதலில் மகள் தட்டட்டும். அவள் போன் அந்தக் கணமே ஓடும். உங்கள் போனுக்கு ஒலி வந்து சேர வேண்டும் அல்லவா, அது சற்றுப் பின்னால் ஓடத் தொடங்கும். இரண்டு மூன்று விநாடி கழித்து நீங்கள் தட்டுங்கள். இப்போது உங்கள் போன் உடனே நிற்கும், அவளுடையது தாமதமாக நிற்கும். ஆக அவள் போன் காட்டும் நேரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒலி போக 5, வர 5 என்று 10 மீட்டரைக் கடக்க எடுத்த நேரம். 0.03 விநாடியை ஒட்டி வரும். 0.0295 என்று வந்தால், 10ஐ அதனால் வகுத்துப் பாருங்கள்: விநாடிக்கு 339 மீட்டர். வீட்டு முற்றத்தில், கையால் தட்டி.

முதல் தடவையே சரியாக வராது. காற்றோசைக்கே போன் ஓட ஆரம்பித்துவிடும். எவ்வளவு சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்ற அளவை அந்தச் செயலியிலேயே ஏற்றிக்கொள்ளலாம். தகரக் கூரை மேல் மழை பெய்யும்போது முயற்சி செய்யாதீர்கள்.

அப்புறம் மகளிடம் ஒரு கேள்வி போடுங்கள். மலை மேலே காற்று மெலிதாக இருக்கிறதே, அடிவாரத்து வத்தலக்குண்டைவிடக் கொடைக்கானலில் ஒலி மெதுவாகப் போகுமா? மெதுவாகத்தான் போகும், ஆனால் காற்று மெலிந்ததனால் அல்ல, குளிரினால். அழுத்தம் குறையும்போது அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைவதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் இறங்கும். இது அவளுடைய பாடப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம், கேள்வியாகக் கேட்டால்தான் கண்ணில் படும்.

உங்கள் போனில் காற்றழுத்த சென்சாரும் இருந்தால் அதிர்ஷ்டம்தான், விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் ஏறும்போது செயலியைப் போட்டுவிடுங்கள். கீழே 975 ஹெக்டோபாஸ்கல் அளவில் தொடங்குவது, கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் 780 பக்கம் வந்திருக்கும். பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பதும், உங்கள் வீட்டில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேக மறுப்பதும் இதே கணக்குதான். வரைபடத்தை வரைய வேண்டியது அவள் வேலை. வாந்தி வருகிறவர்கள் ஜன்னலோரம் உட்காரவும்.

பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழி. நல்ல வீடியோ எல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது டீச்சர். தமிழில் எங்கே போவது?
– மாணவன், கோத்தகிரி

தம்பி, முதலில் பாடநூல் கழகத்தின் தளத்தில் உன் புத்தகத்தின் தமிழ், ஆங்கிலம் இரண்டு வடிவத்தையும் இறக்கிக்கொள். இலவசம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பத்தியைப் படி. இரண்டு மாதத்தில் ஆங்கில வீடியோவில் அவர்கள் சொல்லும் வார்த்தைகள் உனக்குப் பிடிபட்டுவிடும். எப்படியும் கல்லூரியில் அது வேண்டியிருக்கும்.

தமிழிலேயே வேண்டும் என்றால் 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. பள்ளிக் கல்வித்துறையின் மணற்கேணி செயலியில் அனிமேஷனோடு பாடங்கள் உண்டு. இவற்றில் சில பாடங்கள் பிரமாதம், சில பாடங்கள் புத்தகத்தை அப்படியே வாசிப்பது. ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும், தெரிந்ததும் மூடிவிடு.

நம் ஆட்கள் அதிகம் எட்டிப்பார்க்காத இடம் ஒன்று சொல்கிறேன். இலங்கையில் உயர்தர வகுப்பு வரை இயற்பியலைத் தமிழில் படிக்கிறார்கள். அவர்களுடைய கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ் வழிப் பாடங்கள் இருக்கின்றன. அங்கே பாடத்தின் பெயர் பௌதிகவியல், முடுக்கத்துக்கு ஆர்முடுகல். தேடும்போது இப்படிப் போட்டால்தான் கிடைக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: நமக்கு வேகம், திசைவேகம் என்று இருப்பவை அவர்களுக்குக் கதி, வேகம். அங்கே வேகம் என்று பார்த்தால் நம் திசைவேகம் என்று எடுத்துக்கொள். பரீட்சையில் நம் புத்தகத்தில் இருப்பதையே எழுது.

யூடியூபில் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் அமைதியாகப் பார்க்கிறார்களே, அதுவே போதாதா?
– ஆசிரியர், குன்னூர்

அமைதியாகப் பார்ப்பதுதான் பிரச்சினை. மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அந்த வீடியோவை விட்டுவிடலாம். வீடியோவில் சோதனை செய்கிறவர் ஒரு தடவையும் தோற்காமல் செய்கிறார் என்றால் அதையும் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள்.

எங்கள் மாவட்டத்திலேயே பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பாடத்துக்கு அவற்றால் பயன் உண்டா? இணையத்தில் ஏதாவது இருக்கிறதா?
– ஆசிரியை, ஊட்டி

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். எங்கேயோ இருக்கும் பைசா கோபுரத்தைப் படம் போட்டு விளக்குகிறோம், முத்தோரையில் நிற்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி 1970இல் முடிந்தது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நீலகிரியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? நாம் இருப்பது வட அட்சரேகை சுமார் 11 டிகிரியில். தெற்கு வடக்காக 11 டிகிரி சரிவுள்ள ஒரு மலைச்சரிவில் தொலைநோக்கியைக் கிடத்திவிட்டால், அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அந்த ஒரே அச்சில் திருப்பினாலே போதும், வானத்தில் ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். மலைச்சரிவே கருவியின் பாதி.

இன்னொரு கேள்வியும் இதிலிருந்தே எடுக்கலாம். அது எதிரொளிக்கும் ஆடி, ஆனால் கண்ணாடி இல்லை, தகடும் இல்லை. 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள், நடுவே இடைவெளியோடு. கம்பிகளுக்கு நடுவே அலை நழுவிப் போய்விடாதா? அது வேலை செய்யும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதனால் வகுக்கச் சொல்லுங்கள். அலைநீளம் 92 சென்டிமீட்டர் அளவில் வரும். கம்பிகளின் இடைவெளி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, அலைக்கு அது முழு ஆடி மாதிரிதான். பத்தாம் வகுப்பு சூத்திரம், ஊட்டியில் நிற்கும் பதில்.

அதே டாடா நிலையத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகமும் ஊட்டியில் இருக்கிறது, கிரேப்ஸ்-3. வானத்திலிருந்து விழும் மியூயான் என்ற நுண்துகள்களை எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் மேலே வந்தபோது மியூயான் எண்ணிக்கை குறைந்ததை வைத்து, அந்த மேகத்துக்குள் இருந்த மின்னழுத்த வேறுபாடு 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டார்கள். 2019இல் அந்த ஆய்வு வெளியானது. மேகத்துக்குள் வோல்ட்மீட்டர் வைக்காமல் வோல்ட் அளந்த கதை. நிலைமின்னியல் எடுக்கிறவர்கள் இணையத்தில் கிரேப்ஸ் என்று போட்டுத் தேடிப் படியுங்கள், படங்களும் கிடைக்கும்.

பழனி மலைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது. 1909இல் அங்கேதான் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாக வழிந்தோடுவதைக் கண்டார். எப்படி? டாப்ளர் விளைவை, அதாவது நெருங்கும்போதும் விலகும்போதும் அலையின் அதிர்வெண் மாறுவதை வைத்து. பஸ் ஹாரனை வைத்து நாம் நடத்தும் அதே டாப்ளர். நூறு வருஷத்துக்கும் மேலான சூரியப் படங்களை இந்திய வானியற்பியல் நிலையத்தார் கணினிமயமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்த நாட்களின் படங்களை எடுத்து, ஒரு சூரியப் புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று டிகிரியை ஒட்டி வரும். அதிலிருந்து சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற, நம் பார்வைக்குச் சுமார் 27 நாள். படத்தின் விளிம்பில் இருக்கும் புள்ளியை எடுத்தால் கணக்கு தப்பும், நடுவில் இருப்பதை எடுக்க வேண்டும். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மலை ரயிலை மறந்துவிடாதீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் 12க்கு 1. பதினொன்றாம் வகுப்பில் சாய்தளம் வரும்போது, கோணம் 30 டிகிரி என்று போட்ட கணக்கையே போடாமல், 100 டன் வண்டியை இந்த ஏற்றத்தில் தள்ள எவ்வளவு விசை வேண்டும் என்று கேளுங்கள். உராய்வை விட்டுவிட்டாலே 80,000 நியூட்டனுக்கு மேல் வரும். பல்சக்கரம் எதற்கு, என்ஜின் ஏன் பின்னால் இருந்து தள்ளுகிறது என்று கேள்வி தானாக வரும்.

கணக்குகளை ஏஐயிடம் கேட்டு வகுப்பில் கொடுக்கலாமா?
– ஆசிரியர், பண்ணைக்காடு

கேள்வி தயாரிக்கக் கேளுங்கள். ஒரே கணக்கை எண் மாற்றிப் பத்து விதமாகக் கொடு என்றால் நொடியில் கொடுக்கும், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விடையை நீங்கள் ஒருமுறை கையால் போட்டுப் பார்க்காமல் கரும்பலகையில் ஏற்றாதீர்கள். அலகுகளை முதலில் பாருங்கள், சென்டிமீட்டரை மீட்டராக்காமல் விட்டிருக்கும். விடை நடக்கக் கூடியதா என்றும் பாருங்கள், சைக்கிள் விநாடிக்கு 200 மீட்டர் போகிறது என்று வந்தாலும் அது கூசாமல் எழுதும். தமிழில் கேட்டால் கலைச்சொற்களை நம் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு நல்ல பயிற்சி: அது கொடுத்த தப்பான விடை ஒன்றை அப்படியே வகுப்பில் கொடுத்து, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வது. பிள்ளைகளுக்கு அதில் வருகிற குஷியே தனி.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். அறிவியலுக்கென்று கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது புரொஜெக்டர் வாங்கலாமா, டேப்லெட் வாங்கலாமா?
– வாசகர், கேத்தி

முதல் புரொஜெக்டர் வாரத்தில் எத்தனை நாள் எரிகிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், நான்கு பிள்ளைக்கு ஒன்று வருகிற மாதிரி. டார்ச் பல்புகள், ஹோல்டரோடு. முதலை கிளிப் ஒயர் நிறைய, ஏனென்றால் அது தொலையும். சிமுலேஷனில் 0.45 பார்த்த பிள்ளை, நிஜச் சுற்றில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கணக்கு அச்சு அசலாக வராது, இழை சூடாகும்போது பல்பின் மின்தடை ஏறும். அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவதற்கே ஒரு பீரியட் போதாது.

லென்ஸ் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். ஊரில் தாத்தா பாட்டிகளின் பழைய வாசிப்புக் கண்ணாடிகளைச் சேகரியுங்கள். +2 என்றால் குவியத்தொலைவு 50 சென்டிமீட்டர், +2.5 என்றால் 40. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் பக்கம் நின்று, கண்ணாடியைச் சுவரிலிருந்து அந்தத் தூரத்தில் பிடித்தால் வெளியில் இருக்கும் தேயிலைத் தோட்டம் தலைகீழாகச் சுவரில் விழும். அறை கொஞ்சம் இருட்டாக இருக்கட்டும். பிள்ளையே ஸ்கேல் வைத்து அளந்து, கண்ணாடியின் பவரைக் கண்டுபிடிக்கலாம். மைனஸ் பவர் கண்ணாடி ஒன்றையும் கலந்து வையுங்கள், அது எவ்வளவு தூரம் நகர்த்தினாலும் சுவரில் எதையும் காட்டாது. கிட்டப்பார்வை, தூரப்பார்வை பாடம் அங்கேயே முடிந்துவிடும். பிறகு லென்சின் பாதியைக் கையால் மறைத்தால் பாதிப் படம் போய்விடுமா என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் ஆமாம் என்பார்கள். மறைத்துக் காட்டுங்கள். படம் முழுசாகவே இருக்கும், வெளிச்சம்தான் குறையும். நம்பாதவர்களுக்கு ஃபெட்டின் ஒளியியல் சிமுலேஷனில் கதிர்களை வரைந்து காட்டலாம்.

சேகரித்த கண்ணாடிகளில் பவரை எழுதி ஒட்டாமல் வையுங்கள். எழுதி ஒட்டினால் யாரும் அளக்க மாட்டார்கள்.